முதலில் லாக்கர் என்று சொன்னவன் நான்தான்

மூன்று வருடத்துக்கு முன்னால் என் அத்தை மகனுக்கு ஒரு ஆலோசனை சொன்னேன். அது தப்பான ஆலோசனை. ஏன் தப்பு, எவ்வளவு தப்பு என்பதைக் கணக்கோடு எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். மற்றவர்கள், ஒரு விஷயத்தை "எல்லோருக்கும் தெரிந்த உண்மை" என்று நம்பிக் கெட்டவனின் கதையாகப் படிக்கலாம்.

மச்சானுக்குக் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. வெயில் காலத்தில் எந்த வண்டியும் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பாதை சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். அதில் ஒரு இடத்தில் மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம் பாதையைக் கோணலாக வெட்டிப் போகிறது. அவருடைய பழைய 1.3 லிட்டர் ஜிப்சி அங்கே வந்ததும் ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரமும் காற்றில் சும்மா சுத்தும். வண்டி நகராது.

"மாப்ள, நீதான் இதெல்லாம் உக்காந்து படிக்கிறியே. என்ன பண்ணலாம் சொல்லு" என்றார்.

"பின்னாடி ஒரு லாக்கர் போட்ருங்க மச்சான். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

இதைச் சொல்ல எனக்கு அஞ்சு செகண்டு கூட ஆகவில்லை. அந்த வருஷம் மிளகு விற்ற காசில் லாக்கர் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பழம் பறிக்க வந்த மூன்று பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டியின் பின்பக்கம் பள்ளத்தாக்குப் பக்கமாக நழுவியது. ஒரு சில்வர் ஓக் மரம் தாங்கி நிறுத்தியது. யாருக்கும் அடி இல்லை. அந்த மூன்று பேரில் மூத்தவரான அக்கா மட்டும் அன்றிலிருந்து அந்த வண்டியில் ஏறுவதில்லை. நடந்துதான் போகிறார்.

"முதலில் லாக்கர்" என்பது என் கண்டுபிடிப்பு அல்ல. ஆஃப்ரோடு ஆர்வலர்கள் நாலு பேர் கூடினால் இந்த வாக்கியம் வந்தே தீரும். கடைக்காரரும் சொல்வார், பட்டறை அண்ணனும் சொல்வார். நானும் சொன்னேன். இந்த வாக்கியத்தைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சின்ன இன்ஜின் உள்ள சின்ன வண்டிக்கு, மலைப்பாதையில், அது வரிசையைத் தலைகீழாக்குகிறது.

டிஃபரென்ஷியல் என்ன செய்கிறது

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடுகிறது, உள்சக்கரம் குறைவாக ஓடுகிறது. இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிப்போட்டால் ஏதாவது ஒரு டயர் தேய்ந்துகொண்டு வரும். அதற்காக ஆக்சில் நடுவில் இருப்பது டிஃபரென்ஷியல். உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன்கள் இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகின்றன. ஆனால் முறுக்கு விசையை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சமமாகத்தான் பிரிக்கும்.

சிக்கல் இந்தச் "சமமாக" என்ற சொல்லில்தான். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுற்ற விசை ஏறக்குறைய பூஜ்யம் போதும். அப்போது தரையில் பிடிப்போடு நிற்கும் மறுசக்கரத்துக்கும் அதே பூஜ்யம்தான் போகும். ஜிப்சி, ஜிம்னி மாதிரி வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு ஆக்சிலுக்குள்ளும் இந்தச் சமப் பங்கீடு அப்படியே இருக்கிறது. அதனால் எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் தூக்கினால் "நாலு சக்கர வண்டி" நின்ற இடத்தில் நிற்கும்.

லாக்கர் இந்தப் பங்கீட்டை ஒழிக்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே தண்டு மாதிரி சுற்றும். இதில் இரண்டு பெரிய வகை உண்டு. ஒன்று, நாம் சுவிட்ச் போட்டால் பூட்டுவது. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி ஏர் லாக்கர் இந்த வகை, அழுத்தக் காற்றால் வேலை செய்யும். வேண்டாதபோது சாதாரண டிஃபரென்ஷியல். இன்னொன்று, தானாகவே பூட்டிக்கொள்வது. இதில் மலிவான ரகத்துக்கு லஞ்ச்பாக்ஸ் லாக்கர் என்று பேர். பழைய கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே ஸ்டார் பினியனுக்குப் பதில் பல் வைத்த கட்டைகளைப் போடுவார்கள். ஆக்சிலேட்டர் மிதித்தால் பூட்டும். வளைவில் வெளிச்சக்கரம் முந்தினால் டிக் டிக் என்று சத்தம் போட்டு வழிவிடும். மச்சான் போட்டது இது. விலை குறைவு, வேலையும் குறைவு.

கியர் விகிதம் என்ன செய்கிறது

ஜிப்சி சுசுகியின் எஸ்ஜே குடும்பம். 1985ல் ஒரு பக்கம் இந்தியாவில் ஜிப்சி வந்தது, இன்னொரு பக்கம் அமெரிக்காவில் அதே குடும்பத்து சாமுராய் இறங்கியது. சாமுராயைப் பாறையில் ஏற்றுவதற்காக அங்கே ஒரு தனிக் கலாச்சாரமே உருவானதால் அதன் எண்கள் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. அதையே எடுத்துக்கொள்வோம்.

முதல் கியர் 3.652. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ 2.268. ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியன் 3.727. மூன்றையும் பெருக்கினால் சுமார் 30.9. அதாவது இன்ஜின் ஏறக்குறைய 31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இதைத்தான் ஊர்ந்து போகும் விகிதம் என்கிறோம்.

இந்த எண்ணை வேகமாக மாற்றிப் பார்த்தால்தான் புரியும். இன்ஜின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைப்போம். 31ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 26 சுற்று. 205/70 ஆர்15 டயரின் சுற்றளவு 2.1 மீட்டர். ஆக மணிக்கு 3.3 கி.மீ. ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மிதிக்காமல் போகக்கூடிய மிகக் குறைந்த வேகம் இதுதான்.

மச்சான் வண்டி வாங்கியதும் செய்த முதல் வேலை டயரை 235/75 ஆர்15 ஆக்கியது. பார்க்க கம்பீரமா இருக்கும்ல. அதன் விட்டம் பழைய டயரைவிடச் சுமார் 10 சதவீதம் பெரிது. ஐடிலிங் வேகம் 3.6 கி.மீ. ஆகிறது, சக்கரம் தரையைத் தள்ளும் விசை அதே அளவு குறைகிறது. டயர் மாற்றிய அன்றே கியரில் பத்தில் ஒரு பங்கை அவர் செலவழித்துவிட்டார். அது செலவு என்றே அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

3.6 கி.மீ. என்பது சமதரையில் நிதானமான நடை. ஆனால் சேறும் கல்லும் உள்ள சரிவில், பள்ளத்துக்குள் ஒரு சக்கரம் இறங்கி மறுசக்கரம் ஏறும்போது அது அதிகமான வேகம். வண்டி குலுங்கும், குலுங்கினால் சக்கரம் தரையை விடும். அதைக் குறைக்க டிரைவருக்கு இரண்டே வழி. ஹாஃப் கிளட்சில் தாங்கிப் பிடிக்கலாம், கிளட்ச் கருகும். இல்லாவிட்டால் "எப்படியும் மெதுவா போக முடியாது, வேகமாவே போயிடலாம்" என்று கொஞ்சம் பின்னால் வந்து ஓடி ஏற்றலாம். மச்சான் செய்தது இரண்டாவது.

அன்று நடந்தது

சம்பவத்துக்கு ரெண்டு வாரம் கழித்து நான் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பள்ளத்துக்கு முன்னால் பாதை பள்ளத்தாக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பாட்டிலில் பாதித் தண்ணீர் வைத்துப் பார்த்தால் தெரியும்.

சாதாரண டிஃபரென்ஷியல் இருக்கும்போது, பின்னால் ஒரு சக்கரம்தான் வழுக்கிச் சுற்றும். மற்றது சுற்றாமல் நிற்கும். சுற்றாத டயருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முன்னால் தள்ளாவிட்டாலும் பக்கவாட்டில் நழுவ விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு டயருக்கு இருக்கும் மொத்தப் பிடிப்பு ஒன்றுதான். அதை முன்னுக்குத் தள்ளவும் பக்கவாட்டில் பிடிக்கவும் பங்கு போட வேண்டும். டயர் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் பக்கவாட்டுப் பங்கு கிட்டத்தட்ட காலி.

லாக்கர் வந்த பிறகு மச்சான் ஓட்டும் விதம் மாறவில்லை. அதே மாதிரி ஓடி வந்து ஏற்றினார். இந்த முறை பின்சக்கரம் இரண்டும் சேர்ந்தாற்போல் வழுக்கின. பக்கவாட்டில் பிடிக்க ஒரு டயரும் இல்லை. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கம் போனது. லாக்கர் கெட்டுப்போகவில்லை, பொருத்தியவரும் தப்பாகப் பொருத்தவில்லை. அது செய்ய வேண்டிய வேலையைத்தான் சரியாகச் செய்தது.

அவருக்கு முதல் பிரச்சினை பிடிப்பு இல்லை, வேகம். மெதுவாகப் போக முடியாததால் வேகமாகப் போனார், வேகமாகப் போனதால் சக்கரம் வழுக்கியது, வழுக்கியதை நான் பிடிப்புப் பிரச்சினை என்று படித்தேன். என் தொழிலில் இதற்கு ஒரு பால பாடம் உண்டு. புரோகிராம் மெதுவாக ஓடினால் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று முதலில் அளந்து பார், அளக்காமல் கோடில் கை வைக்காதே. இருபது வருஷமாக ஜூனியர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருப்பவன், மூன்று பெண்கள் உட்கார்ந்து போகும் வண்டி விஷயத்தில் அளக்கவில்லை.

எண்கள் செய்யும் மாயம்

"அப்ப கியர்தான் முதல்ல" என்று கிளம்பினால் அடுத்த குழி காத்திருக்கிறது. கியர் விகிதத்தை விற்பவர்களும் எண்ணைக் காட்டியே விற்கிறார்கள். பெரிய எண் என்றால் நல்ல வண்டி என்று ஒரு நம்பிக்கை.

ஒரு உதாரணம். சாமுராய் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.268. 2018ல் வந்த இப்போதைய ஜிம்னியில் லோ 2.002. பார்த்தால் சாமுராய்தான் மேல் என்று தோன்றும். ஆனால் சாமுராயின் ஹை 1.409, ஜிம்னியின் ஹை 1.000. சாமுராயில் ஹையிலிருந்து லோவுக்கு மாற்றினால் வேகம் 1.6 மடங்குதான் குறையும். ஜிம்னியில் முழுசாக 2 மடங்கு குறையும். ஃபோர் லோ லிவரைப் போட்டதும் கையில் உணர்கிற வித்தியாசம் ஜிம்னியில்தான் அதிகம். ஒற்றை எண்ணை வைத்து ஒப்பிட்டால் நேர் எதிரான முடிவுக்கு வருவோம்.

இன்னொன்று. மேனுவல் ஜிம்னியின் மொத்த விகிதம் 4.425, 2.002, 4.090 மூன்றையும் பெருக்கினால் சுமார் 36. ஆட்டோமேட்டிக்கில் 2.875, 2.002, 4.300. பெருக்கினால் 25க்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டோமேட்டிக் மோசம் என்று இதை வைத்துத் தீர்ப்பு சொல்பவர்கள் உண்டு. ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது முறுக்கு விசையைத் தானே பெருக்கிக் கொடுக்கும். அது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஏறும்போது ஆட்டோமேட்டிக் எண் காட்டுவதைவிட நன்றாகவே ஏறும். இறங்கும்போதுதான் எண் சொல்வது உண்மை, இன்ஜின் பிரேக்கிங் குறைவு.

எங்கே விகிதத்தை மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். கிரவுன் பினியனை மாற்றினால் எல்லா கியரும், எல்லா நேரமும் மாறும். நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறும். ஜிம்னி மேனுவலில் ஐந்தாவது கியரில் 100 கி.மீ. வேகத்துக்கே சுமார் 3100 சுற்று ஆகிறது. அதற்கு மேல் ஏற்றினால் திண்டுக்கல்லிலிருந்து சென்னை வரைக்கும் காதில் பஞ்சுதான். டிரான்ஸ்ஃபர் கேஸின் லோவை மாற்றினால் மலையில் மட்டும் மாறும், ரோட்டில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கூடுதல் முறுக்கு முழுவதும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகவும் பினியன் வழியாகவும் போகும்.

சாமுராய்க்காரர்கள் டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியைத்தான் பிடித்தார்கள். அந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்டோடு உட்கார்ந்திருக்கிறது. கழற்றி மேசையில் வைத்துப் பிரிக்கலாம். முதலில் ஒரு லிட்டர் எஸ்ஜே410இன் பற்சக்கரங்களை (ஹை 1.580, லோ 2.511) உள்ளே போட்டார்கள். பெரிய டயர் தின்ற பத்துப் பன்னிரண்டு சதவீதம் திரும்பக் கிடைத்தது. பிறகு 4.16, 4.9, 6.5 என்று லோ ரொம்பப் பெரிதாகும் செட்டுகள் சந்தைக்கு வந்தன. 4.16 போட்டால் மொத்த விகிதம் 31லிருந்து சுமார் 57 ஆகிறது. மச்சானின் பெரிய டயரோடும் ஐடிலிங் வேகம் மணிக்கு 2 கி.மீ.

லாக்கர் இல்லாத ஜிம்னி

இந்த இடத்தில் ஜிம்னியின் வடிவமைப்பைப் பற்றியும் ஒரு குறை சொல்ல வேண்டும். ஜிம்னியில் லாக்கர் கிடையாது. பதிலுக்கு பிரேக் எல்எஸ்டி இருக்கிறது. சும்மா சுத்தும் சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் பிடிக்கும், டிஃபரென்ஷியல் ஏமாந்து மறுசக்கரத்துக்கும் விசை கொடுக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அதன் விலையை விளம்பரம் சொல்லாது.

டிஃபரென்ஷியல் சமமாகத்தான் பிரிக்கும் என்று பார்த்தோம். தரையில் நிற்கும் சக்கரத்துக்கு 1000 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்றால், தொங்கும் சக்கரத்தின் பிரேக்கும் 1000 தாங்க வேண்டும். அந்த ஆக்சிலுக்கு மொத்தம் 2000 தேவை. பாதி பிரேக்கில் சூடாகப் போகிறது. எதிர்மூலைகளில் இரண்டு சக்கரம் தூக்கினால் முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து 4000. இதை 36ஆல் வகுத்தால் இன்ஜின் சுமார் 110 நியூட்டன் மீட்டர் கொடுக்க வேண்டும், உராய்வு இழப்பைச் சேர்க்காமலே. ஜிம்னியின் 1.5 லிட்டர் இன்ஜினின் உச்சமே சுமார் 130தான், அதுவும் 4000 சுற்றில். அதாவது ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சாத்தான் நகரும். மிதித்தால் தொங்கும் சக்கரம் வேகமாகச் சுற்றும். அது தரையைத் தொடும் நொடியில் "டங்" என்று ஒரு அடி.

1000 என்பது நான் சும்மா எடுத்த எண். ஆனால் விகிதாச்சாரம் மாறாது. பின்னால் ஒரு லாக்கர் போட்டால் தேவை 3000 ஆகிறது, இன்ஜினுக்கு 83. லாக்கரே போடாமல் மொத்த விகிதத்தை 36லிருந்து 60 ஆக்கினால் 4000க்கு 67 போதும். அதுவும் குறைந்த வேகத்தில், காலை லேசாக வைத்துக்கொண்டு. கம்பெனி கொடுத்த பிரேக் எல்எஸ்டி உண்மையில் நன்றாக வேலை செய்ய ஆரம்பிப்பது கியரை இறக்கிய பிறகுதான். பிரேக்கை நம்பி லாக்கரை விட்ட சுசுகி, அந்தப் பிரேக்குக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு லோவை இன்னும் இறக்கியிருக்கலாம். இது என் விமர்சனம். இதற்கு மாறாக ஜீப் ரேங்ளர் ரூபிகான் 2003ல் வந்தபோதே 4:1 டிரான்ஸ்ஃபர் கேஸையும் முன்பின் லாக்கர்களையும் ஒன்றாகவே கொடுத்தார்கள். ஒன்றுக்கு மற்றது தேவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

லாக்கர் கட்சியின் நியாயம்

நியாயமாகப் பார்த்தால் எதிர்த்தரப்பிலும் வலுவான வாதங்கள் உண்டு. சக்கரம் காற்றில் நிற்கிறது, வண்டியில் பிரேக் எல்எஸ்டியும் இல்லை (ஜிப்சி மாதிரி) என்றால், கியரை நூறுக்கு இறக்கினாலும் பூஜ்யத்தின் பங்கு பூஜ்யம்தான். அங்கே லாக்கர் மட்டுமே பதில். சேற்றிலும் மணலிலும் ரொம்ப மெதுவாகப் போனால் டயரின் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும். அங்கே கொஞ்சம் சுற்றும் வேகம் வேண்டும். அதற்கு லோவில் இரண்டாவது, மூன்றாவது கியர் போட்டுக்கொள்ளலாம் என்பது என் பதில், ஆனாலும் வாதம் வாதம்தான்.

"கியரை இறக்கினா ஆக்சில் ஷாஃப்ட் உடையும்" என்று ஒரு பயமும் உண்டு. பாதி உண்மை. சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு ஷாஃப்டுக்கு அதிகபட்சம் பாதி விசைதான் போகும். லாக்கரில் மொத்தமும் ஒரே ஷாஃப்டுக்குப் போக வாய்ப்பு உண்டு. அந்த வகையில் ஷாஃப்டுக்கு ஆபத்து லாக்கரால்தான் அதிகம். மேலும் டயருக்கு இருக்கும் பிடிப்புக்கு மேல் ஷாஃப்டில் விசை ஏறாது, டயர் வழுக்கிவிடும். சக்கரம் பாறை இடுக்கில் மாட்டி நின்றால்தான் விதிவிலக்கு. பெரும்பாலும் உடைப்பது வேகமாகச் சுற்றும் சக்கரம் திடீரென்று பிடிப்புக்கு வரும் அதிர்ச்சி. மெதுவான கியர் அந்த அதிர்ச்சியைக் குறைக்கிறது. முன் ஆக்சிலில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து வைத்துக்கொண்டு, முன்பக்கம் லாக் போட்டு மிதித்தால் சாமுராயின் முன் ஜாயின்ட்டுகள் தாங்காது.

பின்னாலா முன்னாலா என்ற கேள்விக்கும் "பின்னால்" என்று கண்ணை மூடிச் சொல்கிறோம். ஏற்றத்தில் எடை பின்னால் போகும் என்பதால் அது சரிதான். ஆனால் தானாகப் பூட்டும் லாக்கர் பின்னால் இருந்தால் மழை ரோட்டிலும் அது கூடவே இருக்கும். முன்னால் இருந்தால் டூ வீலில் ஓட்டும்போது இருப்பதே தெரியாது. மலையில் இருப்பவர் இதை யோசிக்க வேண்டும். காசு இருந்தால் சுவிட்ச் வகைதான் சரி, சாய்வில் அணைத்துவிடலாம்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எதையும் மாற்றுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அளந்துவிட்டு வாங்குங்கள்

இப்போது யாராவது என்னைக் கேட்டால் அஞ்சு செகண்டில் பதில் சொல்வதில்லை. மூன்று வேலை கொடுக்கிறேன்.

ஒன்று, உங்கள் பாதையின் மோசமான இடத்தில் 10 மீட்டர் அளந்து இரண்டு கல் வையுங்கள். ஃபோர் லோ, முதல் கியர், காலை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். 10 செகண்டில் கடந்தால் மணிக்கு 3.6 கி.மீ., 18 செகண்டு ஆனால் 2 கி.மீ. வண்டி குலுங்குகிறதா, கிளட்சைத் தொடத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் உங்கள் பிரச்சினை கியர்.

இரண்டு, வேறு ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு வெளியே நின்று எந்தச் சக்கரம் எப்போது சுத்துகிறது என்று பாருங்கள். மெதுவாகப் போகும்போதும் சக்கரம் தூக்கிக்கொண்டு நின்றால் உங்கள் பிரச்சினை பிடிப்பு. அப்போது லாக்கர்.

மூன்று, பாதை பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால், தானாகப் பூட்டும் வகையைப் பின்னால் போடாதீர்கள்.

மச்சான் வண்டியில் இப்போது 4.16 செட் இருக்கிறது. லஞ்ச்பாக்ஸ் கழற்றி அட்டைப்பெட்டியில், பரணில். பழைய ஸ்டார் பினியன்கள் மறுபடி உள்ளே போய்விட்டன. அந்தக் கோணல் பள்ளத்தில் மெதுவாகப் போயும் சக்கரம் தூக்கத்தான் செய்தது. லாக்கர்தான் என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ரெண்டு ஆளை வைத்து அரை நாளில் கல்லைக் கொட்டிப் பள்ளத்தை மூடினார். இவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

போன கார்த்திகையில் அந்தப் பாதையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். காலைத் தரையில் வைத்துக்கொண்டு ஓட்டினார். வண்டி தானாக ஊர்ந்து ஏறியது. மூத்த அக்கா குடையோடு பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தார். ரொம்ப தூரத்துக்கு வண்டியும் அவரும் ஒரே வேகத்தில்தான் போனோம்.

"இப்ப ஒண்ணும் ஆவாதுக்கா, ஏறுங்க" என்றார் மச்சான்.

அக்கா வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "இந்த வேகத்துக்கு நான் நடந்தே போயிக்கிறேன் தம்பி" என்றார்.